மண்வெட்டிக்கு முன் ஒரு கேள்வி: தோட்டப் பயிற்சியும் தொழில்முனைவும் நம் வரலாறும்

காவிரியில் நீர்வரத்து கூடிவிட்டால் ஒகேனக்கலில் பரிசல் ஓடாது. மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிடும். பரிசல் ஓட்டுபவர், எண்ணெய் மசாஜ் செய்பவர், மீன் வறுத்து விற்கும் அக்காக்கள் என்று கரையை நம்பியிருக்கும் எல்லோருக்கும் அன்றைக்கு வருமானம் கிடையாது. கடன் வாங்கி முதல் போடுகிறார்கள், வாடிக்கையாளரைத் தேடிப் பிடிக்கிறார்கள், நட்டம் வந்தால் தாங்களே சுமக்கிறார்கள். இவர்களை ஒருவரும் ‘தொழில்முனைவோர்’ என்று அழைத்து நான் கேட்டதில்லை.

இவர்களுடைய பிள்ளைகள் பென்னாகரத்தில் பஸ் ஏறி ஓசூர், பெங்களூரு, சென்னை என்று போகிறார்கள். அந்த நகரங்களில் நம் பிள்ளைகள் குடியிருக்கும் பகுதிகளுக்கு இப்போது அந்தச் சொல் பேனரோடு வருகிறது. ‘இளம் தொழில்முனைவோருக்கான மாடித்தோட்டப் பயிற்சி’ என்று எழுதியிருப்பார்கள். தென்சென்னையில் ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்பில் நடந்த அப்படியொரு மூன்று நாள் வகுப்புக்கு நானும் பயிற்சியாளராகப் போனேன். செம்மண், மட்கிய உரம், தென்னைநார்க் கழிவு மூன்றையும் சம பங்கு கலந்து வளர்ப்புப் பையில் நிரப்புவது, 25 நாளில் சிறுகீரை பறிப்பது, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பது, விலை போடுவது எல்லாம் சொல்லிக்கொடுத்தோம்.

இரண்டாம் நாள், பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்த ஒரு தங்கை எழுந்து கேட்டாள்: “அக்கா, செடி வெக்க எங்க ஆயாவுக்கே தெரியும். அதுக்கு எதுக்கு எங்கள பன்னெண்டாவது வரைக்கும் படிக்க வெச்சாங்க?”

வகுப்பில் சிரிப்பு எழுந்தது. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவளுக்குத் தெரிந்தோ தெரியாமலோ நூற்றைம்பது ஆண்டுப் பழைய விவாதம் ஒன்றை அவள் எழுப்பியிருந்தாள். அன்று சொல்ல முடியாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பூக்காரர் வீட்டுப் பிள்ளை

தோட்டம், நகரம், தொழில், கல்வி நான்கும் ஒரே வாழ்க்கையில் சேர்ந்த உதாரணம் நமக்கு வெகு அருகில் இருக்கிறது. மகாத்மா ஜோதிராவ் புலே 1827இல் பிறந்தார். அவர் குடும்பம் புனே நகரில் பூ வியாபாரம் செய்தது. ‘புலே’ என்ற பெயரே பூவிலிருந்து வந்தது. தொடக்கக் கல்வி முடிந்ததும் அப்பா அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் தோட்ட வேலைக்கு அனுப்பினார். பக்கத்து வீட்டு முஸ்லிம் ஆசிரியர் ஒருவரும் கிறித்தவர் ஒருவரும் வற்புறுத்திய பிறகுதான் மறுபடி படிக்கப் போனார். அப்படிப் படித்தவர்தான் 1848இல் சாவித்திரிபாயோடு சேர்ந்து பெண்களுக்குப் பள்ளி திறந்தார். பின்னர் மகர், மாங் சமூகப் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் நடத்தினார். அங்கே படித்த முக்தா என்ற மாங் சிறுமி 1855இல் தன் மக்கள் படும் கொடுமையைக் கட்டுரையாக எழுதி அச்சில் வெளியிட்டாள்.

புலே வெறும் எழுத்தாளர் இல்லை. கட்டுமான ஒப்பந்தம் எடுத்தார், நிலம் வைத்து விவசாயம் செய்தார். 1882இல் ஹண்டர் கல்விக் குழுவிடம் கொடுத்த மனுவில் தொடக்கப் பள்ளியில் விவசாய அறிவும் கற்பிக்க வேண்டும் என்று கேட்டார். ஆனால் அதே பட்டியலில் எழுத்து, கணக்கு, வரலாறு, புவியியல், இலக்கணம் எல்லாம் இருந்தன. படிப்புக்குப் பதிலாக விவசாயத்தை அவர் கேட்கவில்லை. படிப்போடு சேர்த்துக் கேட்டார்.

ஒன்றை மறக்கக் கூடாது. புலே மாலி சாதியில் பிறந்தவர். சாதியால் ஒடுக்கப்பட்டவர்தான், ஆனாலும் அவர் குடும்பத்துக்குப் பேஷ்வா காலத்திலேயே தோட்ட நிலம் கிடைத்திருந்தது. பூவை விற்கச் சந்தை இருந்தது. அவர்கள் கை தொட்ட பூ கோயிலுக்கும் அரண்மனைக்கும் போனது. தீண்டாமைக்கு ஆளான நம் மக்களுக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

கொல்லை இல்லாத வீடு

ஏன் இல்லை என்பதை 1891இல் செங்கல்பட்டின் பொறுப்பு ஆட்சியர் ட்ரெமன்ஹீர் ஆவணப்படுத்தினார். பறையர் மக்கள் நிலத்தில் பாடுபட்டார்கள், நிலம் மிராசுதாரரிடம் இருந்தது. தரிசு நிலம் கேட்டு மனுப் போட்டால் அதிலும் மிராசுதாரருக்கே முன்னுரிமை. எல்லாவற்றையும்விட முக்கியம், குடியிருந்த வீட்டு மனைகூட அவர்களுடையது இல்லை. கூலி அதிகம் கேட்டாலோ எதிர்த்துப் பேசினாலோ மனையைவிட்டுக் கிளப்பிவிடுவார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். எப்போது வேண்டுமானாலும் வெளியேற்றப்படலாம் என்ற வீட்டின் பின்புறம் யார் முருங்கை நடுவார்கள்? யார் மாங்கன்று வைப்பார்கள்? கன்று காய்க்கும் நாளில் அந்த வீடு வேறொருவர் கையில் இருக்கலாம். நம் ஆயாக்களுக்கு விதைக்கவும் நாற்று நடவும் மண் பார்க்கவும் தெரிந்தது. அறிவு இருந்தது, மண் இல்லை.

அயோத்திதாசப் பண்டிதரும் இரட்டைமலை சீனிவாசனும் சபைகள் கூட்டி உரிமைக் குரல் எழுப்பிய காலம் அது. ட்ரெமன்ஹீர் அறிக்கையைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30 அன்று 1010ஆம் எண் அரசாணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது அதிலிருந்து தொடங்குகிறது. 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. முதல் பத்தாண்டு விற்கவே கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. இத்தனை நிபந்தனை இருந்தும் அந்த நிலத்தில் பெரும்பகுதி இன்று பிறர் கையில் இருக்கிறது. அதை மீட்கக் கேட்டுச் செங்கல்பட்டில் 1994 அக்டோபர் 10 அன்று திரண்டபோது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்களைப் பறிகொடுத்தோம். நமக்கு ‘மண்’ என்ற சொல் தோட்டக்கலைப் பாடம் மட்டுமாக ஒருபோதும் இருந்ததில்லை.

பாதி நாள் பள்ளி

அந்தத் தங்கையின் கேள்வியில் இன்னொரு பயமும் இருக்கிறது. படிக்க வந்த பிள்ளையின் கையில் மறுபடி மண்வெட்டியைக் கொடுக்கிறார்களா என்ற பயம். அதற்கும் ஆதாரம் உண்டு.

1953இல் சென்னை மாகாண முதல்வர் ராஜாஜி தொடக்கக் கல்வியில் ஒரு மாற்றம் கொண்டுவந்தார். கிராமப்புறப் பிள்ளைகள் நாளுக்கு மூன்று மணி நேரம் பள்ளியில் படித்தால் போதும், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றார்கள். ‘உழைப்பின் மதிப்பை உணர்த்துவது’ என்று அதற்கு அழகான விளக்கமும் இருந்தது. ஆனால் பெற்றோரின் தொழில் எது என்பதைச் சாதி ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கிற நாட்டில், அந்தத் திட்டத்தின் பொருள் என்ன? வக்கீல் மகன் வீட்டில் சட்டப் புத்தகம் இருக்கும். பண்ணையாள் மகன் வீட்டில் களைக்கொத்து இருக்கும். பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் இதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் திட்டத்தைக் கைவிட்டார்.

அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே ‘சாதி ஒழிப்பு’ நூலில் இந்த நோயின் வேரைக் காட்டிவிட்டார். சாதி வேலைகளை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்யும் மனிதர்களையே மேல் கீழாகப் பிரித்து அடுக்கி வைக்கிறது. ஒருவரின் விருப்பத்துக்கும் திறமைக்கும் அதில் இடமில்லை என்பது அவருடைய வாதம்.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2023இல் ஒன்றிய அரசு 18 கைத்தொழில்களுக்காக விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியபோது, குடும்பம் வழிவழியாகச் செய்த தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு அரசு எதிர்த்தது. இப்போதைய வடிவில் அதைச் செயல்படுத்த மாட்டோம் என்று 2024இல் அறிவித்து, சாதி அடிப்படை இல்லாத கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. எழுபது ஆண்டுகள் கழித்தும் அதே சண்டைதான்.

டஸ்கீகியின் செங்கல், டல்சாவின் தீ

நம்மைப் போலவே இந்தக் கேள்வியோடு போராடியவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்கள். புலே தன் ‘குலாம்கிரி’ நூலை 1873இல் அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். அந்த விடுதலைக்குப் பிறகு நடந்தது நமக்கும் பாடம்.

அடிமையாகப் பிறந்த புக்கர் டி. வாஷிங்டன் 1881இல் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி கல்வி நிலையத்தின் முதல் தலைவரானார். மாணவர்களே செங்கல் அறுத்து வகுப்பறை கட்டினார்கள், காய்கறி விளைவித்தார்கள். 1896இல் அங்கே வந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், பருத்தி போட்டுப் போட்டுச் செத்துப்போன மண்ணை நிலக்கடலை போன்ற பயிர்களை மாற்றிப் பயிரிட்டு உயிர்ப்பிக்கக் கற்றுக்கொடுத்தார். 1906இல் ஒரு வண்டியையே வகுப்பறையாக்கி ஊர் ஊராக அனுப்பினார்கள். பெரிய சாதனை இது, குறைத்துப் பேச முடியாது.

ஆனால் வாஷிங்டன் 1895இல் அட்லாண்டாவில் பேசும்போது வெள்ளையர்களுக்கு ஓர் உறுதி கொடுத்தார். நாங்கள் தொழில் கற்று முன்னேறுகிறோம், சமூகச் சமத்துவத்துக்காக இப்போது கிளர்ச்சி செய்ய மாட்டோம் என்பது அதன் சாரம். 1903இல் டபிள்யூ. இ. பி. டூபாய்ஸ் அதை மறுத்து எழுதினார். ஓட்டுரிமை, குடியுரிமை, உயர்கல்வி மூன்றையும் விட்டுக்கொடுத்துவிட்டுச் சம்பாதிக்கும் சொத்தை எதை வைத்துக் காப்பாற்றுவீர்கள் என்று கேட்டார். தொழிற்பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியர்களே கல்லூரியில் படித்து வந்தவர்கள்தானே என்றும் சுட்டிக்காட்டினார். இதே டூபாய்ஸுக்கு 1946இல் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா.வில் கொடுத்த மனுவின் நகலைக் கேட்டு எழுதிய கடிதம் அது.

டூபாய்ஸின் கேள்விக்கு வரலாறு கொடூரமாகப் பதில் சொன்னது. ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் கிரீன்வுட் என்ற கறுப்பினப் பகுதி இருந்தது. அவர்களுக்குச் சொந்தமான கடைகள், ஓட்டல்கள், தியேட்டர், மருத்துவமனை எல்லாம் அங்கே இருந்தன. 1921 மே 31 இரவிலும் ஜூன் 1 அன்றும் வெள்ளைக் கும்பல் 35 தெருப்பகுதிகளை எரித்தது. காப்பீட்டு நிறுவனங்கள் இழப்பீடு தரவில்லை. எரிந்த இடத்தில் மறுபடி வீடு கட்ட முடியாதபடி நகர நிர்வாகம் ஒரு விதியும் போட்டது. பி. சி. பிராங்க்ளின் என்ற கறுப்பின வழக்கறிஞர் கூடாரத்தில் உட்கார்ந்து வழக்கு நடத்தி அந்த விதியை உடைத்தார். தொழில் செய்து கட்டிய நகரத்தைத் திரும்பக் கட்டும் உரிமையைச் சட்டம் படித்த ஒருவர்தான் மீட்டுக்கொடுத்தார்.

எங்கள் தர்மபுரிக்காரர்களுக்கு இது வெளிநாட்டுக் கதையாகப் படாது. 2012 நவம்பர் 7 அன்று நாய்க்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டியில் 250க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. ஒரு சாதி மறுப்புத் திருமணம் காரணமாகக் காட்டப்பட்டது. ஆனால் எரிந்தவை எவை என்று பாருங்கள். பெங்களூருவிலும் பிற ஊர்களிலும் உழைத்துச் சேர்த்த காசில் கட்டிய வீடுகள், பைக்குகள், பீரோக்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள். சம்பாதித்துவிட்டால் சாதி அடங்கிவிடும் என்பவர்கள் நத்தத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.

ஓட்டும் தோட்டமும்

அப்படியானால் தோட்டமே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த பேனி லூ ஹேமர் வாழ்க்கை முழுக்கப் பருத்திக் காட்டில் வேலை செய்தவர். 1962இல் வாக்காளராகப் பதிவு செய்யப் போன ஒரே குற்றத்துக்காகப் பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டார். செங்கல்பட்டு மிராசுதாரர் கையிலிருந்த அதே ஆயுதம். வாக்குரிமைப் போராட்டத்தின் முன்னணிக்கு வந்த ஹேமர் 1969இல் 40 ஏக்கரில் விடுதலைப் பண்ணைக் கூட்டுறவைத் தொடங்கினார். வேலையையும் வீட்டையும் பறித்துவிடுவார்கள் என்ற பயம் இருக்கும்வரை மக்கள் ஓட்டுப் போட வரமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் காய்கறி, வீடு, பன்றிக்குட்டி மூன்றுக்கும் ஏற்பாடு செய்தார். குடும்பத்துக்கு ஒரு பெண் பன்றி கொடுப்பார்கள். அது ஈன்ற குட்டிகளில் சிலவற்றை அடுத்த குடும்பத்துக்காகத் திருப்பித் தர வேண்டும்.

அந்தப் பண்ணை நிதி நெருக்கடியில் எழுபதுகளின் நடுவில் மூடப்பட்டது. ஆனாலும் டஸ்கீகியில் விடுபட்டது அங்கே இருந்தது. உரிமையைத் தள்ளிவைக்க விவசாயத்தைக் காரணமாக்கவில்லை. உரிமைக்காக நிற்கிறவருக்குக் காலூன்ற இடம் கொடுக்க விவசாயம் செய்தார்கள்.

மொட்டைமாடிச் சாவி

இப்போது சென்னைக்குத் திரும்பி வருவோம். 1970இல் அமைந்த குடிசை மாற்று வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரின் மையப் பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்ட மக்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தெற்கு விளிம்புக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும் பங்கினர் தலித்துகள். வேலை பழைய இடத்தில், வீடு புதிய இடத்தில். அடுக்குமாடியில் ஏழாவது தளத்தில் இருக்கும் குடும்பத்துக்குக் கொல்லை எங்கே? 2013 வாக்கில் அரசு மாடித்தோட்டத் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் மானியத்தோடு கொண்டுவந்தது. தனி வீட்டுக்காரருக்கு மொட்டைமாடி இருந்தது. நம் பிள்ளைகளுக்கோ முதல் கேள்வியே மாடிக் கதவின் சாவி யாரிடம் என்பதுதான்.

எங்கள் வகுப்பிலும் மூன்றாம் நாள் அங்கேதான் போய் முட்டியது. பைகள் தயார், விதை தயார், வைக்க இடமில்லை. அந்தத் தங்கைதான் மனு எழுதினாள். குடியிருப்போர் சங்கத்தில் கையெழுத்து வாங்கினாள். இரண்டு மாதம் அலைந்து ஒரு பிளாக்கின் மாடிக்கு அனுமதி கிடைத்தது. கீரை விற்கத் தொடங்கியதும் கணக்கு நோட்டையும் அவளே வைத்துக்கொண்டாள். பை, உரம், விதை என்று நாங்கள் சொல்லிக்கொடுத்த செலவுப் பட்டியலின் கீழே ‘எங்க கூலி’ என்று ஒரு வரி சேர்த்திருந்தாள். அதைச் சேர்த்ததும் முதல் மாத லாபம் நட்டமாக மாறியது! நாங்கள் நடத்திய பாடத்தில் அந்த வரி இல்லவே இல்லை. உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் லாபம் காட்டுவது பண்ணையார் கணக்கு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கட்டு விலையை ஏற்றினார்கள், பக்கத்து அடுக்ககங்களில் வாடிக்கை பிடித்தார்கள். இன்று அது ஓரளவு ஓடுகிறது. அவள் மாலையில் கீரை விற்றுக்கொண்டே கல்லூரிக்கும் போகிறாள்.

கேட்க வேண்டிய மூன்று

தோழர்களே, உங்கள் பகுதிக்கு இப்படியொரு பயிற்சி வந்தால் விரட்ட வேண்டாம். உட்கார வைத்து மூன்று கேள்வி கேளுங்கள்.

முதலாவது, இடம் யாருடையது? எழுத்துபூர்வமான அனுமதி எத்தனை ஆண்டுக்கு? இரண்டாவது, கணக்கு நோட்டு யார் கையில்? கூலி அதில் இருக்கிறதா, லாபம் யாருக்குப் போகிறது? மூன்றாவது, இது படிப்போடு சேர்ந்து வருகிறதா, படிப்புக்குப் பதிலாக வருகிறதா? மூன்றாவதற்குத் தவறான பதில் வந்தால் முதல் இரண்டையும் பார்க்கத் தேவையில்லை.

சான்றிதழோடு நிற்காமல் முதலுக்கும் வழி கேளுங்கள். தாட்கோ 1974 முதல் இருக்கிறது. 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 35 சதவீத முதலீட்டு மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். நிலமற்ற ஆதிதிராவிட, பழங்குடிப் பெண்கள் நிலம் வாங்க நன்னிலம் திட்டம் இருக்கிறது. இவை சலுகை இல்லை. 1892இல் எழுதிக் கொடுத்து இன்னும் முழுதாகக் கைக்கு வராத கடனின் சிறு தவணை.

தங்கையே, அன்றைக்குச் சொல்லாத பதில் இதுதான். செடி வைக்க உன் ஆயாவுக்குத் தெரியும். அந்த மண் தன்னுடையது என்று எழுதி வாங்க அவரை விடவில்லை. விளைந்ததற்கு விலை சொல்லவும் விடவில்லை. நீ பன்னிரண்டாவது வரை படித்தது அந்த மனுவை எழுதத்தான், அந்தக் கூலி வரியைச் சேர்க்கத்தான். நாளைக்குத் தோட்டமே வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகவும் அந்தப் படிப்புதான் துணை.

ஜெய்பீம்.